அறிவை அளந்த கோல்

பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுவதற்காகவே, 1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே ஒரு சோதனை வகுத்தார். பயிற்சியால் அறிவு வளரும் என்பது அவர் நம்பிக்கை. அச்சோதனை அமெரிக்கா போனதும் கதை மாறிற்று. அறிவு பிறவிச் சொத்து என்று கருதிய லூயிஸ் டெர்மன், 1921 முதல் கலிபோர்னியாவில் மேதைக் குழந்தைகளைப் பொறுக்கினார். ஏறக்குறைய 1,500 பேர் தேறினார்கள். தேறாத சிறுவர்களில் இருவர் ஷாக்லி, ஆல்வரெஸ். பௌதிகத்தில் நோபல் பரிசை முன்னவர் 1956-இலும் பின்னவர் 1968-இலும் பெற்றனர். தேறியவர்களில் ஒருவருக்கும் அது கிட்டவில்லை.

வேடிக்கை இதோடு முடியவில்லை. கறுப்பின மக்களுக்குப் பிறவியிலேயே அறிவு குறைவு என்று பின்னாளில் பிரசாரம் செய்தவர் அதே ஷாக்லிதான்! தம்மைத் தவறாக அளந்த கோலாலேயே பிறரை அளந்தார்.

அவராவது தப்பினார். "உனக்கு இது வராது" என்று தினமும் கேட்டு, கணக்கையும் விஞ்ஞானத்தையும் கைவிட்ட குழந்தைகள் எத்தனை பேரோ? அவர்கள் பெயர் சரித்திரத்தில் இல்லை.