தந்தி காட்டிய வால்வெள்ளி

1947ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள் கென்னத் அர்னால்டு என்னும் அமெரிக்க விமானி, ரெய்னியர் மலையருகே ஒன்பது ஒளிப்பொருள்கள் விரைந்து பறக்கக் கண்டார். நீர்மேல் வீசிய தட்டு தத்திச் செல்வதுபோல் அவை சென்றன என்று அவர் கூறியது ஓட்டத்தைப் பற்றியது. செய்தித்தாள்களோ அதனை வடிவமாகக் கொண்டு 'பறக்கும் தட்டு' எனப் பெயரிட்டன. பெயர் பரவியபின் கண்டோர் பலர்க்கும் தட்டுகளே தென்படலாயின. சொல் முந்திக்கொள்ள, கண் அதன் பின்னே சென்ற இத்தகைய நிகழ்ச்சி ஒன்று, இதற்கு எழுபத்தைந்து ஆண்டுகட்கு முன்னரே நம் சென்னை வானில் நடந்துள்ளது.

1826இல் பீலா என்பார் கண்ட வால்வெள்ளி ஏறத்தாழ ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை ஞாயிற்றைச் சுற்றி வந்தது. 1846இல் அறிஞர் கண்ணெதிரே இரண்டாகப் பிளந்தது. 1852க்குப் பின் காணாமலே போயிற்று. 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பிய வானில் எரிமீன்கள் மழையெனப் பொழிந்தன. பீலாவின் சிதறல்களூடே புவி புகுந்ததன் விளைவு அது. செருமனியின் கோட்டிங்கன் நகரத்து வானியலாளர் கிளிங்கர்பூசு, நம்மைத் தீண்டிச் சென்ற வால்வெள்ளி எரிமீன்கள் வந்த திசைக்கு நேரெதிரே, தென்வானில் தெரியவேண்டும் என்று கருதினார். அப்பகுதி செருமனியில் அடிவானத்தை ஒட்டியே கிடக்கும். சென்னையிலோ விடியுமுன் தென்கிழக்கில் எழும். எனவே, நுங்கம்பாக்கம் வான்ஆய்வகத்தில் இருந்த நார்மன் போக்சனுக்கு நவம்பர் 30 அன்று தந்தி விடுத்தார். பீலா புவியைத் தொட்டுச் சென்றது, தீட்டா சென்டாரி விண்மீனருகே தேடுக என்பது செய்தி. உருசியா வழியாக 1 மணி 35 நிமிடத்தில் அது வந்து சேர்ந்தது.

கார்த்திகை மாதத்து வானம் எத்தகையது என்பதை இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழும் நமக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. இரண்டு விடியல்கள் முகிலிலும் மழையிலும் கழிந்தன. மூன்றாம் விடியலில் முகில் சற்றே விலக, தொலைநோக்கியில் வட்டமான ஒளிப்பொருள் ஒன்று தெரிந்தது. மறுநாளும் கண்டார்; அன்று மெல்லிய வாலும் இருந்தது. அதன்பின் வானம் மூடிக்கொண்டது. (நூல்கள் திசம்பர் 2, 3 என்றே குறிக்கும். அந்நாளைய வானியலார் நாளினை நண்பகலிலிருந்து எண்ணியதே காரணம். நம் வழக்கில் 3, 4ஆம் நாள் விடியல்கள்.)

பீலாவைக் கண்டதாகவே போக்சன் எழுதினார். தந்தி பிடித்துத் தந்த வால்வெள்ளி என்று இன்றும் இக்கதையைச் சுவைபடச் சொல்வோர் உளர். ஆயின், பீலா அவ்விடத்தைப் பல வாரங்கட்கு முன்னரே கடந்திருக்கவேண்டும் என்பது பின்னைய கணக்கு. அப்படியாயின் அவர் கண்டது யாது? ஒரு வால்வெள்ளியின் பாதையைப் புதிதாக வரையக் குறைந்தது மூன்று வேளைகளின் இடக்குறிப்புகள் வேண்டும். கிடைத்தவை இரண்டே. இன்னுமொரு விடியலுக்கு முகில் விலகியிருப்பின் இவ்வழக்கு தீர்ந்திருக்கும்.

போக்சனைப் பழிப்பது என் கருத்தன்று. 1861இல் ஏசியா என்னும் சிறுகோளைச் சென்னையிலிருந்தே கண்டறிந்தவர் அவர். காட்சியின் இடத்தையும் உருவத்தையும் அவர் குறித்தவாறே நாம் இன்றும் ஏற்கலாம். தந்தி தந்த பெயரை மட்டும் ஏற்பதற்கில்லை.

இவ்விடத்தில் புறநானூற்று 229ஆம் பாடல் நினைவுக்கு வருகிறது. விண்மீன் வீழக் கண்ட கூடலூர் கிழார், திங்களையும் இரவின் பொழுதையும் மீன்கள் நின்ற நிலைகளையும் முதலில் வரிசையாகச் சொல்கிறார். வேந்தனுக்கு என்னாகுமோ என்ற அச்சம் அதற்குப் பின்னரே வருகிறது. ஏழாம் நாள் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தான். விண்மீன் விழுந்ததற்கும் அவன் சாவுக்கும் உறவில்லை என நாம் மறுக்கலாம். புலவர் கண்ட வானம் அதனால் அழிவதில்லை. காட்சியையும் கருத்தையும் தனித்தனியே வைத்த அவரைக் கவிஞர்கள் இந்நோக்கிலும் ஒருமுறை பயிலவேண்டும் என்பேன்.

1872இல் இராயபுரக் கரைக்குத் தெற்கே துறைமுகம் எழவில்லை, இருள் மிகுந்திருக்கும். ஆயினும் போக்சன் கண்ட பொருளை மீனவர் வெறுங்கண்ணால் கண்டிருக்க இயலாது. தீட்டா சென்டாரியோ எவர்க்கும் தெரியும் ஒளிமிக்க மீன். முகில் இல்லாத திசம்பர் விடியலில், ஐந்து மணியளவில், துறைமுக விளக்குகளுக்கு மேலே அதனைக் காணலாம்.