இன்ஜினுக்குச் சட்டை மாற்றிய கதை

போன மாதம் என் தங்கை மகன் போனில் கூப்பிட்டான். சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டுகிறவன். "மாமா, திண்டிவனம் தாண்டி வண்டி நின்னுடுச்சு. இன்ஜின் சீஸ் ஆயிடுச்சுன்னு சொல்றாங்க. இறக்கி வேலை பாக்கறதா, வேற இன்ஜின் போடறதா?" என்றான்.

ஸ்பானரைப் பிடித்தறியாத ஓய்வுபெற்ற குமாஸ்தாவிடம் இதை ஏன் கேட்கிறான் என்று நீங்கள் நினைக்கலாம். 1981-இல் இதே கேள்விக்கு நான் கோப்பில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ருடால்ஃப் டீசல் என்ற பெயரை முதலில் கேட்டது பௌதிக வகுப்பில்தான். ஜெர்மானியப் பெற்றோருக்கு 1858-இல் பாரிஸில் பிறந்தவர் என்பதால் எங்கள் ஆசிரியருக்கு அவர் மேல் தனிப் பிரியம். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும் அந்தக் குடும்பம் பாரிஸை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று என்பதை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்.

டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினுக்கு ஒரே சிலிண்டர். உயரம் சுமார் 3 மீட்டர். சக்தியோ ஏறக்குறைய 20 குதிரை. அவ்வளவு பெரிய இரும்புக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்தக் கனத்துக்குக் காரணம் உண்டு. பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி வைத்துப் பற்ற வைக்கிறோம். டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றை நசுக்கியே சூடேற்ற வேண்டும். லாரி இன்ஜினில் காற்றை ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக நசுக்குகிறார்கள். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். இந்த அழுத்தத்தைத் தாங்க, பிளாக்கை மொத்தமாக வார்த்தாக வேண்டும். 1920-களில் இந்த இன்ஜின் லாரிக்குள் ஏறும் அளவுக்குச் சிறுத்தபோதும் அந்தக் கனம் முழுக்கப் போய்விடவில்லை.

பழுதுபார்ப்பதா மாற்றுவதா என்ற கேள்வியே இந்தக் கனத்திலிருந்துதான் பிறந்தது. பிளாக்குக்கு ஆயுசு அதிகம்; அதற்குள் உரசும் பாகங்களுக்கு ஆயுசு குறைவு. ஆகவே பல லாரி இன்ஜின்களில் பிஸ்டன் ஏறி இறங்கும் சுவரைத் தனிக் குழாயாகச் செய்து உள்ளே சொருகினார்கள். தேய்ந்தால் உருவிவிட்டு வேறு போடலாம். நம் மெக்கானிக்குகள் அதை லைனர் என்பார்கள். பிரெஞ்சில் அதற்குப் பெயர் 'ஷெமீஸ்', அதாவது சட்டை. சட்டை கிழிந்தால் சட்டையை மாற்றுகிறோம், ஆளையா மாற்றுகிறோம்?

கிராங்க் ஷாஃப்டுக்கும் அப்படியொரு ஏற்பாடு உண்டு. கோடு விழுந்தால் லேசாகக் கடைந்து, அந்த அளவுக்குத் தடித்த பேரிங் போடுவார்கள். பத்து தவ், இருபது, முப்பது, நாற்பது என்று கணக்கு. ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாலு முறைக்கு மேல் கடைய முடியாது. ஈட்டிய விடுப்பு மாதிரி, எடுக்க எடுக்கக் குறையும்.

இந்தியாவுக்கு வருவோம். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஒப்படைத்த அதே 1954-இல்தான், டாட்டா கம்பெனி ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் லேலண்டுடன் சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. பின்னாளில் வந்த டாட்டாவின் 697 இன்ஜினுக்குப் பெயரிலேயே ஜாதகம் இருந்தது: 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் விட்டம்.

அது லைசென்ஸ் காலம். எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு அனுமதி, வெளிநாட்டுப் பாகம் இறக்க அனுமதி. புது வண்டி சுலபத்தில் கிடைக்காது. லேத்துப் பட்டறைக் கூலியோ மலிவு. அதனால் 'இறக்கி வேலை பார்' என்பதே எல்லோருக்கும் பதில். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரித் தொழில் வளர்ந்ததில் போரிங் பட்டறைகளுக்கும் பங்கு உண்டு.

இனி 1981. நான் அப்போது ஓர் அரசு அலுவலகத்தில் யு.டி.சி. ஜல்லி ஏற்றும் எங்கள் லாரி ஒரு மே மாத மத்தியானம் வழியில் நின்றுபோனது. தண்ணீர் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய், பிஸ்டன் இரண்டு இறுகிவிட்டன. கோப்பு என் மேஜைக்கு வந்தது. டிரைவரின் கவனக்குறைவால் இன்ஜின் நாசம். புது இன்ஜின் வாங்கலாம். தொகையில் ஒரு பகுதியை டிரைவர் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று மேலே எழுதியிருந்தது. டிரைவருக்கு மூன்று பெண் குழந்தைகள்.

பட்டறை மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். என்னை 'முசே' என்றுதான் கூப்பிடுவார். "முசே, பிளாக்ல தண்ணி கட்டி அழுத்தம் குடுத்துப் பாத்துட்டேன். விரிசல் இல்ல. கிராங்க் ஒரு தடவைதான் கடைஞ்சிருக்கு, இருபதுக்குப் போவலாம். லைனர் பிஸ்டன் ஆறும் மாத்திட்டா ஓடும்" என்றார். புது இன்ஜின் விலையில் மூன்றில் ஒரு பங்கு கூட ஆகாது. நான் கிளம்பும்போது கேட்டார்: "எதனால போச்சுன்னு யாருமே கேக்கலியே? காரணத்த விட்டுட்டு புது இன்ஜின் வச்சா, அதுவும் இதே மாதிரி போவும்."

ரேடியேட்டரைக் காட்டினார். குழாய்கள் பாதிக்கு மேல் உப்புப் படிந்து அடைத்திருந்தன. எல்லாம் போர் தண்ணீர் ஊற்றியதன் பலன். சரி, சூடு ஏறுவது முள்ளில் தெரிந்திருக்குமே? லாக் புக்கை வாங்கிப் புரட்டினேன். 'டெம்பரேச்சர் முள் வேலை செய்யவில்லை' என்று டிரைவர் இரண்டு முறை எழுதியிருந்தார். இரண்டாவது குறிப்பின் ஓரத்தில், 'பார்த்தேன், நிதி இல்லை' என்று ஒரு சுருக்கொப்பம். அது என்னுடையது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பக்கத்தை இணைக்காமலே பழுதுபார்க்கப் பரிந்துரை எழுதலாம். இன்ஜின் பிழைக்கும், நானும் பிழைப்பேன், டிரைவர் மட்டும் மாட்டுவார். காலையில் அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துக் கோப்பில் வைத்துக் குறிப்பு எழுதினேன். எனக்கு ஒரு மெமோ வந்தது, பதில் எழுதினேன். டிரைவரிடம் பிடித்தம் செய்யவில்லை. லாரி மேலும் ஆறு வருஷம் ஓடி, பிறகுதான் ஏலத்துக்குப் போனது.

இன்றைய கணக்கு வேறு. 1991-க்குப் பிறகு வண்டியும் பாகமும் தாராளமாகக் கிடைக்கின்றன. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிக்குப் பின் இன்ஜினைச் சுற்றி சென்சாரும் கம்ப்யூட்டரும்தான். காதை வைத்துக் கேட்டே கோளாறு சொன்ன மேஸ்திரிக்கு இப்போது கையில் ஒரு கருவி வேண்டும். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் தவணைக்காரன் நிற்க மாட்டான். அதனால் பட்டறையில் இருபது நாள் போடுவதைவிட, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுப்பித்த இன்ஜினை வாங்கிப் பொருத்துவது சிலருக்கு லாபம். அப்படிச் செய்தால் புது இன்ஜின் எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்ற மறக்கக் கூடாது.

தங்கை மகனிடம் இதைத்தான் சொன்னேன்: "பிளாக்கும் கிராங்க்கும் தேறுமான்னு முதல்ல பாரு. ராடு பிளாக்கை உடைச்சிட்டு வெளிய வந்திருந்தா பேச்சே இல்ல, மாத்து. தேறும்னா, வேலைச் செலவையும் வண்டி நிக்கிற நாளையும் கூட்டி, மாத்தற செலவோட வச்சுப் பாரு. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி, எதனால போச்சுன்னு கேளு."

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான். பிளாக் நன்றாக இருக்கிறதாம், இறக்கி வேலை பார்க்கிறானாம். ஆயில் பம்ப்தான் காரணமாம். "டிரைவர் மேல கோவப்பட்டுட்டேன் மாமா" என்றான்.

"இப்பவே போய்ச் சொல்லிடுடா" என்றேன்.