வாசலை இழந்த பாட்டு

டோனி பேங்ஸ் இந்தப் பாட்டை முதலில் கொண்டுவந்தபோது அவருடைய குழுவே வேண்டாம் என்றுவிட்டது. ஜெனிசிஸ் என்ற அந்த ராக் குழு ‘ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பத்துக்குப் பாட்டுகளைத் தேர்ந்துகொண்டிருந்த 1972ஆம் ஆண்டு அது. பேங்ஸ் அதைக் கைவிடவில்லை. பிரித்து, மாற்றிக் கட்டி, அடுத்த ஆல்பத்துக்கு மறுபடி முன்வைத்தார். 1973இல் ‘செல்லிங் இங்கிலாந்து பை த பவுண்ட்’ ஆல்பத்தில் ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ என்ற பெயரில் அது வெளிவந்தது. ஸ்காட்லாந்தில் ஃபோர்த் ஆறு கடலைச் சேரும் கழிமுகத்துக்கு ஃபர்த் ஆஃப் ஃபோர்த் என்று பெயர். ஆங்கிலத்தில் ‘ஃபோர்த்’ என்ற ஒலிக்கு நான்காவது என்ற பொருளும் உண்டு. அதை ஐந்தாவதாக்கிய சிலேடைதான் இந்தப் பெயர்.

ஒன்பதரை நிமிடப் பாட்டு. முதல் ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகப் பியானோ மட்டும் ஒலிக்கிறது. பதினாறில் பதின்மூன்று, பதினாறில் பதினைந்து என்று தாளக் கணக்கு மாறிக்கொண்டே போகும். நடுநடுவே எளிய இரண்டு தட்டு. தொடையில் தாளம் போட்டுக் கேட்பவரின் கை முதல் தடவை கட்டாயம் தவறும். காது மட்டும் எங்கேயும் இடறுவதில்லை. இத்தனை கோணலான கணக்கை இவ்வளவு சரளமாக ஓடவிட்ட ராக் பாட்டு வேறொன்றை நான் கேட்டதில்லை.

பிறகு குரல் வருகிறது. பாடகர் பீட்டர் கேப்ரியேலின் புல்லாங்குழல் தனியாக ஒரு மெட்டை எடுக்கிறது. தொடக்கத்துப் பியானோ மெட்டு டிரம்ஸின் வேகத்தோடு சிந்தசைசரில் திரும்பி வருகிறது. அது ஓய்ந்ததும், புல்லாங்குழல் மெல்லச் சொன்ன அதே மெட்டை ஸ்டீவ் ஹாக்கெட்டின் கிதார் அகலமாக விரித்துப் பாடுகிறது. எல்லாம் ஒருவர் பியானோ முன்னால் உட்கார்ந்து யோசித்ததிலிருந்து கிளைத்தவை.

மேடைக்குப் போனபோது இந்தப் பாட்டுக்கு ஓர் இழப்பு நேர்ந்தது. ஊர் ஊராகச் சுற்றும் குழுவால் கிராண்ட் பியானோவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பேங்ஸின் கையில் இருந்தது ஆர்எம்ஐ மின் பியானோ. அதன் கட்டையை மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவு சத்தம்தான். அந்தப் பியானோ முன்னுரைக்கு உயிரே விரலின் அழுத்தம். அழுத்தத்துக்குப் பதில் சொல்லாத கருவியில் அதை வாசிப்பதைவிட வாசிக்காமல் விடுவதே மேல் என்று பேங்ஸ் அதை நிறுத்திவிட்டார். 1977இல் வந்த ‘செகண்ட்ஸ் அவுட்’ மேடைப் பதிவில் பாட்டு எடுத்த எடுப்பிலேயே குரலோடு தொடங்குகிறது. கோபுரம் இல்லாத கோயிலுக்குள் நேராகக் கருவறையில் போய் நிற்பதுபோல் எனக்கு இருக்கும். ஆனாலும் அவர் செய்தது சரி.

அந்த வாசல் மறுபடி திறப்பது பொது இடத்துப் பியானோவில் தனியாக வாசிப்பவர்களின் கையில். கலைஞர் லூக் ஜெராம் 2008இல் பர்மிங்காம் நகரத்தில் பதினைந்து பியானோக்களைப் பொது இடங்களில் வைத்து, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று விட்டார். லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்துக்கு எல்டன் ஜான் 2016இல் ஒரு பியானோ கொடுத்தார். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்து ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ வாசிப்பவருக்கு முன்னால் இருப்பவர்கள் கச்சேரிக்கு வந்தவர்கள் அல்லர். பெட்டியை இழுத்துக்கொண்டு, வண்டி நேரத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள். இது புரோகிரசிவ் ராக் என்று முன்பே சொன்னால் பாதிப் பேர் நகர்ந்துவிடக்கூடும். சொல்லாமல் வாசித்தால், பழைய ஐரோப்பிய மேதை யாரோ எழுதியது என்று எண்ணி நிற்பவரும் உண்டு. பெயரும் புகழும் துணைக்கு வராத இடத்தில் மெட்டு தன் காலில் நின்றாக வேண்டும். இது நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வாசிப்பவரின் பாடு வேறு. முன்னுரை பியானோவுக்கே பிறந்தது, அதற்குப் பயிற்சி போதும். கஷ்டம் கிதார் வரும் இடத்தில். ஹாக்கெட் ஒரு சுரத்தை உச்சியில் பிடித்து, மூச்சே விடாததுபோல் நிறுத்துவார். பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டிய கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும். அதனால் அந்தச் சுரத்தை எண்மத்தில் இரட்டித்து, இடது கையை அகன்ற அலைகளாக ஓடவிட்டு, பெடலால் தாங்கிப் பிடிக்க வேண்டும். சிலர் அந்தச் சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டி நடுக்கி வாசிக்கிறார்கள்; எனக்கு அது பிடிப்பதில்லை, சுரம் பதறுகிறது. மெல்லோட்ரான் என்ற விசைக்கருவியின் கனத்தையும் பேஸையும் டிரம்ஸையும் அந்த ஒரே இடது கைதான் சுமக்கிறது. எதை விடுவது என்று தெரிந்தவரே இதை நன்றாக வாசிக்கிறார். எல்லாவற்றையும் அள்ள முயல்பவரிடம் கிதார் மெட்டு நெரிசலில் காணாமல் போகிறது.

முடிவு இன்னும் நுட்பமானது. ஆல்பத்தில் கடைசிக் குரலுக்குப் பின் பியானோ மட்டும் எஞ்சி, ஒலி மெல்ல மெல்லக் குறைந்து மறைகிறது. அது ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்த வேலை. ரயில் நிலையத்தில் அந்த வசதி கிடையாது. வாசிப்பவர் அதே சுற்றை ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மெதுவாகத் தொட்டுத் தொட்டு, அடுத்த வண்டியின் அறிவிப்பு மேலே எழும்வரை வாசித்து, விரலை எடுக்கிறார்.