கியோட்டோவில் ஒரு மோதகக் கடை

மயிலாப்பூர்ல பொறந்து வளர்ந்தவனுக்கு இனிப்புக் கடைங்கறது ஒரு அதிசயமே இல்லை. அடையாறு காந்தி நகர் கிராண்ட் ஸ்வீட்ஸ் வரிசையில நின்னிருக்கேன், தி.நகர் தீபாவளிக் கூட்டத்துல மைசூர்பாகுக்காக முழங்கையால இடிபட்டிருக்கேன். அதனால, ஆபீஸ் வேலையா ஒசாகா போயிருந்தப்ப கூட வேலை பார்க்கற ஜப்பான்காரர், "கியோட்டோல ஒரு பழைய இனிப்புக் கடை இருக்கு, உங்க ஊர் சாமி பலகாரம் கிடைக்கும்"னு சொன்னதும் சிரிச்சுட்டேன். எங்க ஊர் சாமிக்கு இங்க யாருய்யா பலகாரம் பண்றாங்க?

ஞாயித்துக்கிழமை ரயில் ஏறிப் போனோம். கியோன் பகுதியில யாசகா கோவில் படிக்கட்டுக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கு கடை. பேரு காமேயா கியோநாகா. ஆரம்பிச்சது 1617ல. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் மதராசப்பட்டினத்துல இடம் வாங்கினது 1639ல. ஆக, நம்ம சென்னையை விட 22 வயசு மூத்த கடை!

உள்ளே சத்தமே இல்லை. தட்டுல எட்டிப் பார்த்து "அரை கிலோ போடுங்க"ன்னு கத்தற வேலையெல்லாம் நடக்காது. ஒவ்வொரு பலகாரமும் நகைக் கடை மாதிரி கண்ணாடிக்குள்ள. நாங்க தேடிப் போன சாமானோட பேரு 'செய்ஜோ கங்கிதன்'. பார்க்க ஒரு குட்டி சுருக்குப் பை. வாய்ப் பகுதியில எட்டு மடிப்பு, எட்டிதழ்த் தாமரைக்கு அடையாளமாம். உள்ளே சிவப்புப் பயறுல செஞ்ச இனிப்புப் பூரணம். அதோட சந்தனம், பட்டைன்னு ஏழு வகை வாசனைப் பொருள். பொரிக்கறது எள் எண்ணெயில.

மேல் மாவு, உள்ளே பயறுப் பூரணம், மேல சுருக்கின முனை. அட, இது நம்ம கொழுக்கட்டைதானே!

பேரைப் பிரிச்சுப் பார்த்தா இன்னும் வேடிக்கை. 'கங்கி'ன்னா மகிழ்ச்சி, 'தன்'னா உருண்டை. வடமொழியில 'மோத'ன்னாலும் மகிழ்ச்சிதான். மோதகத்தை அப்படியே அர்த்தத்தோட பெயர்த்து வச்சிருக்காங்க. இது படைக்கப்படற சாமியோட பேரு கங்கிதென். யானை முகம். சாட்சாத் விநாயகர்தான். பெரும்பாலும் ரெண்டு யானைமுக உருவங்கள் கட்டிக்கிட்டு நிக்கற மாதிரி இருப்பார். ஆனா மூர்த்தியைச் சாதாரணமா வெளிய காட்டமாட்டாங்க, பெட்டிக்குள்ளதான் வாசம். முள்ளங்கியும் இந்தப் பலகாரமும் நைவேத்யம். எள் எண்ணெயை ஊத்தி அபிஷேகமும் உண்டு. நம்ம ஊர் எண்ணெய்க் காப்பு ஞாபகம் வருதா?

பிள்ளையார் எப்படி அவ்வளவு தூரம் போனார்? அங்கதான் காஞ்சிபுரம் வருது. கைலாசநாதர் கோவில் கட்டின ராஜசிம்ம பல்லவன் காலத்துல, காஞ்சியில தங்கியிருந்த வச்சிரபோதிங்கற பௌத்தத் துறவி கப்பலேறி 720 வாக்கில சீனா போய்ச் சேர்ந்தார். அவரோட சீடர் அமோகவச்சிரர். அவரோட சீடர் ஹூய்குவோங்கற சீனத் துறவி. அவர்கிட்ட 805ல தீட்சை வாங்கினவர் ஜப்பான்லேர்ந்து போன கூக்காய். 806ல அவர் ஊர் திரும்பி வளர்த்த ஷிங்கோன் மரபுலதான் இந்த விநாயகர் வழிபாடு வேர் பிடிச்சது. அதாவது நம்ம பக்கத்து ஊர்லேர்ந்து கிளம்பின குரு பரம்பரையில நாலாவது ஆள் கூக்காய்.

பலகாரத்தோட கதையும் அப்படித்தான். சீனாவுக்குத் தூது போனவங்க மூலமா வந்த பண்டங்கள்ல இதுவும் ஒன்னு. ஆரம்பத்துல உள்ளே உலர்ந்த பழங்கள், கஷ்கொட்டைதான். பயறுப் பூரணம் வந்தது எடோ காலத்துல. செய்முறையை இந்தக் கடைக்காரங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஹியேய் மலைத் துறவிகளாம். இன்னிக்கும் செய்யறவங்க உடம்பையும் மனசையும் சுத்தப்படுத்திக்கிட்டுதான் மாவைத் தொடறாங்க. என் பாட்டி 'மடி'ன்னு சொன்ன அதே சமாச்சாரம்.

நம்ம பக்கமும் இது கடைத்தெரு பண்டமா இருந்ததுதான். மதுரைக்காஞ்சியிலயே பூரணம் வச்ச மோதகம் வித்தவங்க ராத்திரி களைச்சுத் தூங்கற காட்சி வருது. இருந்தாலும் நான் பார்த்தவரைக்கும் கொழுக்கட்டைன்னா வீட்டுப் பலகாரம். சதுர்த்திக்கு மாட வீதியில களிமண் பிள்ளையாரும் குடையும் எருக்கம்பூ மாலையும் வாங்குவோம், கொழுக்கட்டை அடுப்படியில வேகும். கடைசி ரெண்டு வருஷமா எங்க வீட்டுல அதுவும் டப்பாவுல வருது. அம்மாவுக்கு விரல் மூட்டு வலி, சொப்பு பிடிக்க முடியலை. நான் கத்துக்கவே இல்லை.

ரெண்டு கங்கிதன் வாங்கிட்டு வந்தேன். ஒன்னோட விலையில நம்ம ஊர்ல கால் கிலோ இனிப்பு வாங்கலாம். மேல் ஓடு பல்லைப் பதம் பார்க்கும், சூடு பண்ணித்தான் சாப்பிடணும். அம்மா மோந்து பார்த்துட்டு, "என்னடா இது, பூஜை ரூம் வாசனை வருது"ன்னு பிள்ளையார் முன்னாடி வச்சாங்க. நானூறு வருஷமா ஒரே கடையில பண்றாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அவங்க யாராவது ஒருத்தன் கத்துக்கிட்டே இருந்திருக்கான்"னாங்க.

சுருக்குன்னுச்சு.

இந்த சதுர்த்திக்கு டப்பா வாங்கலை. அம்மா நாற்காலியில உக்காந்து சொல்லச் சொல்ல, விரல்ல நல்லெண்ணெய் தொட்டுக்கிட்டு நான் சொப்பு பிடிச்சேன். இருபத்தொன்னுல ஒன்பது வெடிச்சுது. "மாவுக்குத் தண்ணி பத்தலை, அடுத்த தடவை நல்லா கொதிக்க விட்டுக் கிளறு"ன்னாங்க. பிள்ளையார் ஒன்னும் சொல்லலை. :-)

உங்க வீட்டுல சொப்பு பிடிக்கத் தெரிஞ்ச கை இன்னும் இருந்தா, இந்த வருஷமே பக்கத்துல போய் உக்காந்துடுங்க.