மேல் கோர்ட்டு எதைப் பார்க்கிறது?

"ஒரு கோர்ட்டில் தோற்றாகிவிட்டது, அப்பீலுக்குப் போனால் மட்டும் என்ன ஆகப் போகிறது?" என்று நம் மக்களிற் சிலர் கூறுவதுண்டு. அதற்கு மலாயாவில் நடந்த ஒரு வழக்கே விடை சொல்லும்.

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அனுமதியின்றித் துப்பாக்கி ஏந்துவோருக்கு மரண தண்டனை என்று சட்டம் பிறந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஜொகூரில் சாம்பசிவம் என்ற தமிழர் கைதானார். துப்பாக்கி ஏந்தியதாக ஒரு குற்றச்சாட்டு. தோட்டாக்கள் வைத்திருந்ததாக மற்றொன்று.

அந்நாளில் நீதிபதிக்குத் துணையாகப் பொதுமக்களில் இருவர் அமர்ந்து கருத்துரைப்பார்கள். அவர்களுக்கு அசெசர் என்று பெயர். முதல் விசாரணையில், தோட்டாக்கள் பற்றிய குற்றச்சாட்டிலிருந்து சாம்பசிவம் விடுதலையானார். துப்பாக்கி பற்றிய குற்றச்சாட்டுக்கு மட்டும் வேறு அசெசர்களுடன் மறுவிசாரணை நடந்தது. அதில் ஒரு வாக்குமூலம் காட்டப்பட்டது. துப்பாக்கி, தோட்டா இரண்டுமே தம்மிடம் இருந்ததாக அவர் சொன்னார் என்றது அது. ஆனால், தோட்டா விஷயத்தில் அவர் ஏற்கெனவே விடுதலையானவர் என்பதை அந்த அசெசர்களுக்கு எவரும் சொல்லவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது. மலாயா மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. அங்கே சாட்சிகள் மீண்டும் அழைக்கப்படவில்லை. துப்பாக்கி அவரிடம் இருந்ததா என்று புதிதாக விசாரிக்கவும் இல்லை. விசாரணை முறையாக நடந்ததா என்பதையே நீதிபதிகள் பார்த்தார்கள். விடுதலை என்று ஒருமுறை முடிந்தது முடிந்ததுதான். அதை அரசுத் தரப்பு பிறகு மறுக்க முடியாது. அசெசர்களுக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். 1950-இல் தண்டனை ரத்தாயிற்று. ஓர் உயிர் தப்பியது!

பரீட்சைத் தாளை மறுபடி பார்ப்பவர் மாணவனை மீண்டும் எழுதச் சொல்வதில்லை. திருத்தியது சரியா என்றுதான் பார்க்கிறார். அப்பீலும் பெரும்பாலும் அப்படித்தான். சாட்சிகளை நேரில் கண்டவர் கீழ் நீதிபதி. ஆகவே யார் சொல்வது உண்மை என்று அவர் எடுத்த முடிவை மேல் கோர்ட்டு எளிதில் மாற்றாது. சட்டம் தவறாகக் கொள்ளப்பட்டதா, ஏற்கத்தகாத சாட்சியம் ஏற்கப்பட்டதா, அத்தவறு தீர்ப்பைப் பாதித்ததா என்றே நோக்கும்.

லண்டனுக்குப் போகும் வழி குற்ற வழக்குகளுக்கு 1978-இலும், சிவில் வழக்குகளுக்கு 1985-இலும் அடைபட்டது. 1994-இல் நம் நாட்டிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைந்தது. அதற்கும் மேலே கூட்டரசு நீதிமன்றம் இருக்கிறது.

ஒன்றை மறவாதீர்கள். குற்ற வழக்கில் அப்பீல் மனு கொடுக்க 14 நாட்களே உண்டு. "எனக்கு நியாயம் கிடைக்கவில்லை" என்று சொன்னால் மட்டும் போதாது. தீர்ப்பில் எந்த இடத்தில் பிழை என்று காட்ட வேண்டும். ஆகவே தீர்ப்பு வந்தவுடன் அழுது நாளைக் கழிக்காமல், காகிதங்களைப் பத்திரப்படுத்தி, வழக்கறிஞரை நாடுங்கள்.