சுருட்டுத் தொழிலாளரும் வாசிப்பு நேரமும்

வாசிப்பதற்கு நேரம் இல்லை என்பது ஆசிரியர் அறைகளிலே இன்று அடிக்கடி எழும் முறைப்பாடு. பரீட்சை, மேலதிக வகுப்பு, வீட்டுச் சுமை, கைத்தொலைபேசி எனக் காரணங்களை அடுக்குகின்றோம். காரணங்கள் பொய்யல்ல. ஆயினும், ஓய்வுள்ளவர்க்கே வாசிப்பு உரியது என்னும் பழைய எண்ணமொன்று இம்முறைப்பாட்டின் அடியிலே மறைந்து கிடக்கின்றது. நிலவுடைமைச் சமுதாயத்திலிருந்து நாம் பெற்றுக்கொண்ட எண்ணம் அது. உழைக்கும் மக்களின் வரலாற்றிலே இதனை மறுக்கும் சான்றுகள் உள. அவற்றுள் மிகச் சிறந்ததெனக் கியூபாவின் சுருட்டுத் தொழிலாளர் உண்டாக்கிய வாசிப்பு முறையைக் கூறலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கியூபா ஸ்பானியாவின் குடியேற்ற நாடாக இருந்தது. கரும்புத் தோட்டங்களிலே ஆபிரிக்க அடிமைகள் வதைபட்டனர். ஹவானா நகரின் சுருட்டுத் தொழிற்சாலைகளிலோ நூற்றுக்கணக்கானோர் நீண்ட மேசைகளிலே வரிசையாக அமர்ந்து வேலை செய்தனர். அத்தொழிலின் இயல்பை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். அங்கே இயந்திரம் இல்லை, இரைச்சல் இல்லை. கண்ணுக்கும் கைக்கும் ஓயாத வேலை. காதுக்கு வேலை இல்லை. கூலியும் நாட்கூலி அன்று. சுருட்டின் எண்ணிக்கைக்கே கூலி. எனவே ஒருவன் கையை ஓயவிட்டால் அந்த நட்டம் அவனையே சேரும்.

இத்தகைய மௌனமான வேலையின்போது வாசித்துக் காட்டலாமே என்ற யோசனை முன்னரே எழுந்ததுண்டு. 1839ஆம் ஆண்டிலே கியூபாவிற் பயணஞ் செய்த சலாஸ் இ கிரோகா என்னும் ஸ்பானிய எழுத்தாளர், தோட்டமொன்றில் அடிமைகள் வாய் திறவாது கோப்பிக் கொட்டைகளைப் பொறுக்குவதைக் கண்டு, அவர்களுக்கு நல்ல நூல்களை வாசித்துக் காட்டினால் என்னவென்று எழுதினார். அவர் நல்ல மனிதர், அதில் ஐயமில்லை. ஆனால் எதை வாசிப்பது, எவர் வாசிப்பது என்பவற்றை எசமானரே தீர்மானிக்கும் யோசனை அது. அடிமைகளின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. அந்த யோசனை அப்படியே நின்றுவிட்டதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

தொழிலாளர் செய்தது வேறு. 1865 ஒக்டோபரிலே சற்றுர்னீனோ மார்த்தினெஸ் என்னும் சுருட்டுத் தொழிலாளி ‘லா அவுரோரா’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். ‘விடியல்’ என்பது அப்பெயரின் பொருள். அப்பத்திரிகை கைவினைஞருக்கென நடத்தப்பட்டது. அன்றைய தொழிலாளருள் பெரும்பாலானோரோ எழுத்தறியாதவர்கள். வாசிக்கத் தெரியாத மக்களுக்குப் பத்திரிகை நடத்துவது எங்ஙனம்? விடை அவ்வாண்டு திசெம்பர் 21ஆம் திகதி ‘எல் பிகாரோ’ தொழிற்சாலையிலே கிடைத்தது. ஏறத்தாழ 300 பேர் வேலை செய்த அவ்விடத்திலே தொழிலாளருள் ஒருவர் எழுந்து நின்று உரக்க வாசிக்க, ஏனையோர் கைவேலையை விடாமற் கேட்டனர். வாசித்தவருக்கு அந்நேரத்தில் இழப்பான கூலியை ஏனையோர் தத்தம் கூலியிலிருந்து பகிர்ந்து ஈடுசெய்தனர். அடுத்த மாதமே பர்த்தகாஸ் தொழிற்சாலையிலும் வாசிப்புத் தொடங்கிற்று. அங்கே வாசிப்பவருக்கென உயர்ந்த மேடையொன்றும் அமைக்கப்பட்டது.

இந்தக் கணக்கை நாம் சாதாரணமாக விட்டுவிடலாகாது. முதலாளியின் நேரத்தை அவர்கள் திருடவில்லை. வேலை நேரத்தைக் குறைக்கும்படியும் அப்போது கேட்கவில்லை. விற்றுவிட்ட உழைப்பு நேரத்தின் உள்ளேயே, விற்கப்படாது எஞ்சிய செவிப்புலனைத் தமக்கென மீட்டுக்கொண்டனர். முதலாளிமாரிற் சிலர் தொடக்கத்தில் இதற்கு இணங்கியதும் உண்மையே. கேட்டுக்கொண்டிருப்பவன் அரட்டை அடிக்கமாட்டான். வேலை ஒழுங்காக நடக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

அரசாங்கம் வேறு விதமாகக் கணக்குப் போட்டது. 1866 மே மாதத்திலேயே, அதாவது வாசிப்புத் தொடங்கி ஆறு மாதம் நிறைவதற்கு முன்னரே, புத்தகங்களாலும் பத்திரிகைகளாலும் தொழிலாளரின் கவனத்தைத் திருப்புவது தடைசெய்யப்பட்டது. தலைமை ஆளுநரான லெர்சுந்தி அத்தடையைக் கண்டிப்புடன் நிறைவேற்றினார். அதே நூல்கள் ஹவானாவின் செல்வர் வீடுகளிலே தடையின்றிப் புரட்டப்பட்டன என்பது மனங்கொள்ளத்தக்கது. தனித்திருந்து படிக்கும் ஒருவரைக் கண்டு அரசு அஞ்சவில்லை. முந்நூறு பேர் ஒரே பக்கத்தை ஒரே வேளையிற் கேட்டு, வேலை முடிந்து வீதியிற் செல்லும்போது அதைப்பற்றியே பேசிக்கொண்டு போவதைக் கண்டுதான் அஞ்சிற்று.

1868இல் மூண்ட பத்தாண்டுப் போர் இத்தொழிலாளரிற் பலரைக் கடல் கடக்கச் செய்தது. புளொரிடாவின் கீ வெஸ்ற் தீவிலும், பின்னர் தம்பா நகரை அடுத்து 1880களின் நடுவிலே தோன்றிய ஈபோர் நகரிலும் அவர்கள் குடியேறினர். போன இடமெல்லாம் மேடையையும் உடன் கொண்டுசென்றனர் எனலாம். 1891 நவம்பரிலே கவிஞரும் விடுதலை வீரருமான ஹொசே மார்த்தி தம்பாவுக்கு வந்து உரையாற்றியபோது, அவரை வரவேற்ற மக்கள் அரசியலைப் புதிதாகக் கற்கவேண்டியவர்களாக இருக்கவில்லை. கியூப விடுதலை இயக்கத்துக்குக் கூலியிலிருந்து வாரந்தோறும் பணம் ஒதுக்கியோர் இவர்களே. 1895ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கான கட்டளை சுருட்டு ஒன்றினுள்ளே சுற்றி அனுப்பப்பட்டதென்று ஒரு கதையும் வழங்குகின்றது. கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும், அவ்வாறு ஒரு கதை பிறப்பதற்கு ஏற்ற தொழிலாகச் சுருட்டுத் தொழில் மக்கள் மனத்தில் இடம்பெற்றிருந்தது.

வாசிப்பு எவ்வாறு நடந்தது என்பதை மிகத் தெளிவாகப் பதிந்து வைத்தவர் பேர்னார்டோ வேகா. போர்ட்டோ ரிக்கோவிலே பிறந்து 1916இல் நியூயோர்க்குக்குப் போன சுருட்டுத் தொழிலாளி அவர். அவருடைய நினைவுக் குறிப்புகளின்படி காலையில் ஒரு மணி நேரம், பிற்பகலில் ஒரு மணி நேரம் வாசிப்பு நடைபெறும். காலையில் நாட்செய்திகள், பிற்பகலில் நூல்கள். எந்நூலை வாசிப்பது என்பதை ஒரு குழு முன்மொழியும். தொழிலாளர் அனைவரும் வாக்களித்து முடிவு செய்வர். ஹியூகோ, சோலா, டோல்ஸ்ரோய், கோர்க்கி, தொஸ்தயெவ்ஸ்கி ஆகியோரின் படைப்புகள் அங்கே வாசிக்கப்பட்டன. வாசிப்பு முடிந்ததும் விவாதம் தொடங்கும். சொல்லொன்றன் பொருளிலோ சரித்திரச் செய்தியிலோ பிணக்கு ஏற்பட்டால் அகராதியை எடுப்பார்கள். அகராதிக்கு அவர்கள் இட்ட பட்டப்பெயர் ‘கழுதைக் கொல்லி’! பல்கலைக்கழகத்திலே நாம் அறிந்த கருத்தரங்குகள் சில இந்தத் தொழிற்சாலை விவாதங்களுக்கு ஈடாகுமோ என்பது ஐயத்துக்குரியதே.

எந்த நூல் நன்று என்று சொல்வதற்கு அங்கே விமர்சகர் வேண்டியிருக்கவில்லை. தனக்குப் பிடித்த நூலை ஒருவர் முன்மொழிவார். அதற்காகத் தோழரோடு வாதாடுவார். வாக்கிலே தோற்றால் மற்றவர் விரும்பிய நூலைக் கேட்பார். இரசனை தனிச்சொத்தாக இராமல் பொதுப் பொருளாயிற்று. டூமாவின் ‘மொந்தே கிறிஸ்தோ’ நாவலை ஹவானாத் தொழிலாளர் திரும்பத் திரும்ப விரும்பிக் கேட்டனராம். அதனாலேயே சுருட்டு வகையொன்றுக்கு அப்பெயர் வாய்த்தது என்பர். மேடை ஏறியோரிற் பெண்களும் இருந்தனர். போர்ட்டோ ரிக்கோவின் லுயீசா கப்பெத்தில்யோ தொழிற்சாலை வாசகராகத் தொடங்கி, தொழிற்சங்கத் தலைவியாகவும் பெண்ணுரிமை எழுத்தாளராகவும் உயர்ந்தவர்.

தம்பாவில் இது கொடூரமாக முடிக்கப்பட்டது. தீவிர கருத்துக்களை மேடையிலிருந்து பரப்புகின்றனர் என்று குற்றஞ்சாட்டி, 1931 நவம்பரிலே முதலாளிகள் வாசகர்களை வெளியேற்றினர். மேடைகள் உடைத்து அகற்றப்பட்டன. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், தொழிற்சாலைகள் கதவடைத்தன. உலகப் பொருளாதார நெருக்கடியின் நடுவே அவர்களால் வெல்ல முடியவில்லை. பின்னர் மேடை இருந்த இடத்துக்கு வானொலிப் பெட்டி வந்தது. வானொலியைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஆனால் வானொலியை நோக்கி, ‘இதை விடு, அதை வாசி’ என்று எவரும் வாக்களிக்க முடியாது. வாசகருக்குத் தொழிலாளர் கொடுத்த காசிலே அந்த அதிகாரம் அடங்கியிருந்தது.

இவ்வழக்கம் கியூபாவுக்கு மட்டும் உரியதன்று. கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியிலே பீடித் தொழிலாளர் ஒருவரைப் பத்திரிகை வாசிக்கச் செய்து, அவர் சுற்றவேண்டிய பீடிகளைத் தாமே பகிர்ந்து சுற்றிக்கொடுத்தனர். எமது யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களும் பத்திரிகை வாசிப்பை அறிந்தவையே. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது எமக்குப் புதிய வழக்கமுமன்று. கோயில்களிலே கந்தபுராண படனம் நெடுங்காலம் நடந்து வந்திருக்கின்றது. ஆனால் அங்கே என்ன நூல் என்பதை மரபு முன்னரே தீர்மானித்துவிட்டது. கோயிலுக்குள் எவர் நுழையலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. படனம் நடந்த மண்டபத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் பிள்ளைகள், கொட்டிலிலும் கிராமத்து வாசிகசாலையிலும்தான் அச்செழுத்தின் உலகத்தைச் சந்தித்தனர். எமது இலக்கிய வரலாறுகள் இவ்விடங்களுக்கு இன்னும் உரிய இடம் அளிக்கவில்லை. பண்டிதர் பரம்பரைகளை எழுதுவதிற் செலவழித்த தாளிலே ஒரு பங்கையேனும் வாசிகசாலைகளுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

கியூபாவிலே தொழிற்சாலை வாசிப்பு அழிந்துவிடவில்லை. 2012இல் அது அந்நாட்டின் பண்பாட்டு மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. மேடைக்கு ஒலிவாங்கி வந்து நெடுங்காலமாயிற்று. பத்திரிகையும் நாவலும் தொடர்ந்து வாசிக்கப்படுகின்றன. வாசிப்புப் பிடித்திருந்தால் தொழிலாளர் புகையிலை வெட்டும் கத்தியாலே தத்தம் மரப்பலகையைத் தட்டுவர். நூற்றுக்கணக்கான கத்திகள் ஒருமிக்கத் தட்டும் அவ்வொலியே அங்கே கைதட்டல். பிடிக்காவிட்டால் கத்தியை நிலத்திலே போட்டுவிடுவார்கள். அதன் பொருளை வாசகருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.