எரித்த இடத்துக்கே வரி: பாரவூர்திக்காரரின் காலாண்டுக் கணக்கு வந்த வரலாறு

வட அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மாநிலம் கடந்து ஓடும் பெரிய பாரவூர்திகளின் சாரதி அறைக்கு வெளியே, இரு பக்கத்திலும் சிறிய ஒட்டுச்சீட்டு ஒன்று காணப்படும். சர்வதேச எரிபொருள் வரி ஒப்பந்தம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'இஃப்டா' என்ற பெயரும் அந்த ஆண்டின் எண்ணும் அதில் இருக்கும். அந்தச் சீட்டை ஒட்டியிருக்கும் உரிமையாளர் ஏப்ரல் 30, ஜூலை 31, ஒக்டோபர் 31, ஜனவரி 31 ஆகிய நான்கு தவணைகளில் தமது எரிபொருள் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டும். அந்தக் காலாண்டில் வண்டி ஓடாமலே நின்றிருந்தாலும் கணக்குக் காட்டத்தான் வேண்டும்.

நூற்றுக்கணக்கான வண்டிகளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இது எழுதுவினைஞர் ஒருவரின் அன்றாட வேலை. ஒரே ஒரு வண்டியை வாங்கி, தாமே அதை ஓட்டிப் பிழைக்கும் தனி உரிமையாளருக்கோ அது பல நாட்களை விழுங்கும் தலையிடி. 'பம்பில் எரிபொருள் அடிக்கும்போதே வரி கட்டிவிட்டேனே, பிறகெதற்கு இன்னொரு கணக்கு?' என்பது இத்தொழிலுக்குப் புதிதாக வருவோர் பலரும் கேட்கும் கேள்வி. இதற்கான விடை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கால வரலாற்றில் இருக்கிறது.

எரிபொருளுக்கு வரி விதித்த முதல் அமெரிக்க மாநிலம் ஒரேகன். 1919ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஒரு கலன் பெற்றோலுக்கு ஒரு சதம் என்று அது வரி விதித்தது. மோட்டார் வாகனங்கள் பெருகி வந்தன. அவற்றுக்கு நல்ல வீதிகள் தேவைப்பட்டன. வீதியைப் பயன்படுத்துவோரே அதற்கான செலவையும் ஏற்கட்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். கூடுதலாக ஓடுபவர் கூடுதலாக எரிப்பார், கூடுதலாகக் கட்டுவார். அறவிடுவதும் எளிது. 1929ஆம் ஆண்டு முடிவதற்குள் எல்லா மாநிலங்களும் ஒரேகனைப் பின்பற்றிவிட்டன. மத்திய அரசாங்கம் 1932இல் தன் பங்குக்கு ஒரு சதம் சேர்த்தது. 1956இல் ஐசனோவர் ஆட்சிக் காலத்தில் மாநிலங்களை இணைக்கும் பெருநெடுஞ்சாலைத் திட்டம் தொடங்கியபோது மத்திய வரி மூன்று சதமாக உயர்ந்தது. அந்தப் பணத்துக்கெனத் தனி நிதியமும் அமைக்கப்பட்டது.

இந்த ஏற்பாடு கார்களைப் பொறுத்தவரை சரியாகவே இருந்தது. கார் வைத்திருப்பவர் பெரும்பாலும் தமது ஊருக்குள்ளேயே எரிபொருளை வாங்கி, ஊருக்குள்ளேயே எரித்துவிடுகிறார். நீண்டதூரப் பாரவூர்தியின் கதை வேறு. அதன் தாங்கிகள் பெரியவை. வரி குறைந்த மாநிலத்தில் நிரப்பிக்கொண்டு, அடுத்த மாநிலத்தை நிறுத்தாமலே கடந்துவிட அதனால் முடியும். பாரம் ஏற்றிய வண்டியினால் தேய்வது ஒரு மாநிலத்தின் வீதி. வரிப் பணம் போய்ச் சேர்வதோ இன்னொரு மாநிலத்தின் கஜானாவுக்கு.

ஆகவே மாநிலங்கள் புதியதொரு கொள்கைக்கு வந்தன. எரிபொருளை வாங்கிய இடமன்று, எரித்த இடமே வரிக்கு உரியது என்பதுதான் அது. கொள்கை நியாயமானதே. அதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே நடைமுறைப்படுத்தப் புறப்பட்டதில்தான் தொல்லை பிறந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அனுமதிப்பத்திரம், தனி ஒட்டுச்சீட்டு, தனிப் படிவம், தனித் தவணை. பத்து மாநிலங்களுக்குள் ஓடுபவர் பத்து அலுவலகங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அனுமதி இல்லாத மாநிலத்துக்குள் நுழைய நேர்ந்தால் அந்த ஒரு பயணத்துக்கு மட்டுமான தற்காலிக அனுமதியை வாங்க வேண்டும்.

1980இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட மோட்டார் போக்குவரத்துச் சட்டம், சரக்குப் போக்குவரத்துத் தொழிலின் மீதிருந்த பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. புதியவர்கள் பலருக்குத் தொழிலின் கதவு திறந்தது. போட்டி பெருகக் கூலி குறைந்தது. இந்நிலையில் 1983 ஜனவரியில் ஜனாதிபதி ரீகன் கையொப்பமிட்ட சட்டம், மத்திய எரிபொருள் வரியை நான்கு சதத்திலிருந்து ஒன்பது சதமாக்கியதோடு, கனரக வண்டிகளுக்கான வருடாந்த வரியையும் பல மடங்காக உயர்த்த வழிசெய்தது. அம்மாதம் 31ஆம் திகதி, மைக் பார்க்ஹர்ஸ்ட் தலைமையிலான தனி உரிமையாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஓடிய வண்டிகள் மீது துப்பாக்கிச் சூடுகள் நடந்தன, உயிரிழப்பும் நேர்ந்தது. வேலைநிறுத்தம் இரண்டு வாரத்துக்குள் ஓய்ந்துவிட்டது. ஆயினும் 1984இல் வருடாந்த வரியின் உச்சவரம்பு 550 டொலராகக் குறைக்கப்பட்டது. அதை ஈடுசெய்ய டீசல் வரி 15 சதமாக உயர்த்தப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலையான வரி சிறியவரையே கடுமையாகத் தாக்கும். சரக்குக் கிடைக்காத மாதத்திலும் அது அவரை விடாது. ஓடிய அளவுக்குக் கட்டும் எரிபொருள் வரியில் அந்தக் கொடுமை இல்லை. ஆகவே சிறியவரை வாட்டியது 'எரித்த இடத்துக்கே வரி' என்ற கொள்கையன்று. அதைச் சுற்றிக் குவிந்திருந்த காகிதமே.

அந்தக் காகிதச் சுமையைக் குறைக்கும் முயற்சியும் அதே 1983இல்தான் உருப்பெற்றது. அரிசோனா, அயோவா, வொஷிங்டன் ஆகிய மூன்று மாநிலங்கள் தமக்குள் இஃப்டா ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. உரிமையாளர் தமது சொந்த மாநிலத்திடம் மட்டும் ஒரே கணக்கைக் கொடுப்பார். அது மற்ற மாநிலங்களுக்குரிய பங்கைப் பிரித்து அனுப்பிவிடும். ஆனால் தமது வருமானத்தின் கணக்கை இன்னொரு மாநிலத்தின் கையில் ஒப்படைக்கப் பல மாநிலங்கள் உடனே முன்வரவில்லை. இறுதியில் காங்கிரஸ் 1991ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தின் மூலம் கெடு விதித்தது. 1996 செப்டெம்பர் 30க்குப் பின்னர், இந்த ஒப்பந்தத்துக்கு இசையாத முறையில் எந்த மாநிலமும் மாநிலங்களுக்கிடையே ஓடும் வண்டிகளிடம் எரிபொருள் பயன்பாட்டுக் கணக்குக் கேட்க முடியாது என்றது அச்சட்டம். இன்று அலாஸ்கா, ஹவாய் தவிர்ந்த 48 மாநிலங்களும் கனடாவின் பத்து மாகாணங்களும் இதில் அடக்கம். ஒன்ராறியோவில் பதிவுசெய்த வண்டியில் எல்லை கடந்து ஓடும் நம்மவர், ஒன்ராறியோ நிதி அமைச்சுக்குக் கொடுக்கும் ஒரே கணக்கில் மிச்சிகனும் ஒஹையோவும் அடங்கிவிடுகின்றன.

கணக்கின் முறையும் கடினமன்று. ஒரு காலாண்டில் 30,000 மைல் ஓடி 5,000 கலன் டீசல் எரித்திருந்தால், கலனுக்கு 6 மைல். ஒரு மாநிலத்துக்குள் மட்டும் 12,000 மைல் ஓடியிருந்தால் அங்கே எரித்தது 2,000 கலன் என்று கொள்ளப்படும். அந்த மாநிலத்தில் வாங்கியது 1,500 கலன்தான் என்றால் மீதி 500 கலனுக்கு அதன் விகிதப்படி வரி கட்ட வேண்டும். எரித்ததைவிடக் கூடுதலாக வாங்கியிருந்தால் அந்த வித்தியாசம் உரிமையாளரின் வரவில் சேரும்.

பலர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான். பம்பில் எழுதியிருக்கும் விலையை மட்டும் பார்த்து 'மலிவு' என்று நிரப்புகிறார்கள். ஓரிடத்தில் கலன் 3.80 டொலர், அதில் மாநில வரி 20 சதம் என்று வைத்துக்கொள்வோம். எல்லைக்கு அப்பால் விலை 4.10 டொலர், வரி 60 சதம். வரி எப்படியும் ஓடிய தூரத்தின்படியே கணக்காகும் என்பதால் அதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். முதலாவது 3.60, இரண்டாவது 3.50. விலை அதிகமாகத் தெரிந்ததே உண்மையில் மலிவு. முதலாவது இடத்தில் நிரப்பியவர் மிச்சம் பிடித்ததாக எண்ணிய பணத்தைக் காலாண்டு முடிவில் வரியாகத் திருப்பிக் கட்டுவார். கலனுக்குப் பத்துச் சதம் நட்டமும் அடைவார்.

இரண்டாவது இழப்பு பற்றுச்சீட்டுகளைத் தவறவிடுவதால் வருவது. நான்கு ஆண்டுகளுக்கு ஆவணங்களைப் பேணுவது கட்டாயம். கணக்காய்வின்போது அவை போதாதெனக் கண்டால், வண்டி கலனுக்கு 4 மைல்தான் ஓடியது என்று அதிகாரிகள் கொள்ளலாம். மேற்சொன்ன 30,000 மைலுக்கு அப்போது எரித்தது 7,500 கலன் என்றாகும். எரிக்காத 2,500 கலனுக்கும் வரி வரும். தாமதித்தால் 50 டொலர் அல்லது வரியில் பத்து வீதம், இவற்றில் எது கூடவோ அது தண்டப்பணம். அனுமதிப்பத்திரம் இரத்தானால் எல்லா மாநிலங்களிலும் வண்டி ஓட முடியாது.

ஆக, நாற்பத்தெட்டுக் கதவுகளைத் தட்டிய நிலை மாறி ஒரே கதவு என்றானது உண்மையான விடுதலை. ஆனால் ஒவ்வொரு எல்லையிலும் மைல் குறிக்கும் பொறுப்பு, வண்டி ஓட்டுபவர் தலையிலேயே தங்கிவிட்டது. 2017 டிசம்பரில் கட்டாயமாக்கப்பட்ட மின்னணு ஓட்டப் பதிவுக் கருவிகள் தூரக் கணக்கை ஓரளவு எளிதாக்கின. டீசல் பற்றுச்சீட்டை அவை பத்திரப்படுத்துவதில்லை.

எரிபொருள் வரியைத் தொடங்கிவைத்த ஒரேகன், கனரக வண்டிகளைப் பொறுத்தவரை அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. 1947 முதல் அங்கே எடைக்கும் ஓடிய மைலுக்கும் ஏற்பவே அவற்றுக்கு வரி. மின்கலப் பாரவூர்திகள் பெருகி, எரிக்கக் கலன் எதுவும் இல்லாத காலம் வந்தால் மற்ற மாநிலங்களும் அவ்வழியையே நாட வேண்டியிருக்கும். அப்போதும் எந்த மாநிலத்தில் எத்தனை மைல் என்ற கணக்கு தொடரும். அதை ஒழுங்காக எழுதிவைக்கப் பழகிய தனி உரிமையாளருக்கு அந்த மாற்றமும் பெரிய இடியாக இராது.